எனக்குப் பின்னால் ஏழு கார்கள்

நவம்பர் 4, திங்கள்

எழுதச் சொல்லியிருக்கிறாள். பெரிட் என்று பெயர், கோபக்காரர்களுக்கு வகுப்பு எடுக்கிறவள். எட்டு முறை அவள் முன்னால் போய் உட்கார வேண்டும், வீட்டில் ஒரு கொப்பியில் நாட்குறிப்பும் எழுத வேண்டும். எழுதினால் கோபம் இறங்குமாம். கோபம் என்ன காய்ச்சலா, மாத்திரை போட்டதும் இறங்க? எந்த மொழியிலும் எழுதலாம் என்றாள். தமிழில் எழுதுகிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, அது ஒரு நிம்மதி.

முதலில் உன்னைப் பற்றி எழுது என்றாள். சரி. பெயர் தவபாலன், வயது ஐம்பத்துமூன்று. இருபத்திரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்தேன். நாட்டின் வட கோடியில் இருக்கும் இந்த மீன்பிடி ஊரில் பத்து வருடம் மீன் வெட்டினேன். பிறகு லொறி லைசென்ஸ் எடுத்து, இப்போது இருபது வருடமாகப் பனி வழிக்கும் லொறி ஓட்டுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து வெளியே போக ஒரே ஒரு வழி. நாற்பது கிலோமீற்றர் மேட்டுவெளி. மரம் இல்லை, வீடு இல்லை, போனும் வேலை செய்யாது. புயல் வந்தால் இரண்டு பக்கமும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு கொன்வோய்தான். முன்னால் என் லொறி பனியைத் தள்ளிக்கொண்டு போகும், பின்னால் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், கடைசியில் என் கூட்டாளி ரூனேயின் வண்டி. யாழ்ப்பாணத்தில் கொன்வோய் என்றால் ஆமிக்காரன் போகும்வரை நாங்கள் ரோட்டோரம் இறங்கி நிற்பது. இங்கே நான் முன்னால் போகிறேன், வெள்ளைக்காரர்கள் பின்னால் வருகிறார்கள். இருபது வருடத்தில் ஒரு காரையும் நான் தொலைத்ததில்லை. அப்படிப்பட்டவனைத்தான் கோபக்காரன் என்கிறார்கள்.

எல்லாம் மகளால் வந்தது. ஆரணிக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் ஏதோ சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் நல அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்து, கோப்பி குடித்துக்கொண்டே என் மனைவி சுகிர்தாவின் கண்ணைப் பார்த்தார்கள். கண்ணைச் சுற்றி நீலம். "படியிலை வழுக்கி விழுந்தனான்" என்று அவளே சொன்னாள். விழுந்தவளே சொன்ன பிறகு மற்றவர்களுக்கு என்ன? இந்த ஊரில் வழுக்கி விழாதவர் யார்?

நவம்பர் 9, சனி

சுகிர்தாவுக்குக் கார் பழக்கத் தொடங்கினேன். பனி வழிக்கிறவனின் பெண்சாதி வேலைக்கு நடந்து போகிறாள் என்று மீன் தொழிற்சாலையில் சிரிக்கிறார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தால்தான் மூடும். காரின் பின்னால் பழகுநர் தகடு ஒட்டினேன், எனக்கென்று இன்னொரு கண்ணாடியும் பூட்டினேன்.

பனியில் கார் ஓட்டப் பலம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்தேன். பிரேக்கை மிதிக்கக் கூடாது, மெல்ல அழுத்தி விட வேண்டும். ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது. முன்னால் போகிற காருக்கும் உனக்கும் நடுவில் கோடையில் விடுவதைவிட மூன்று மடங்கு இடம் விட வேண்டும். தாங்கியில் எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. பனி அள்ளும் சவள், கம்பளி, சுடுதண்ணிப் போத்தல் எப்போதும் காருக்குள் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் கார் துள்ளித் துள்ளி நின்றது.

"கிளச்சை மெல்ல விடு எண்டனான். மெல்ல எண்டா என்னெண்டு தெரியுமோ உனக்கு?"

"நீங்கள் கத்தாமல் இருந்தா எனக்கு வரும்."

மூன்றாவது முறை நின்றபோது தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன். அவ்வளவுதான். என் அப்பா எனக்குச் சைக்கிள் பழக்கியபோது பூவரசந் தடியோடு பின்னால் ஓடி வந்தவர். அடியாத மாடு படியாது. நாலாவது முறை கார் நிற்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

பன்னிரண்டு சென்ரிமீற்றர் பனி. நாள் முழுக்க வேலை. சுகிர்தா படி ஏறும்போது காலை இழுத்து இழுத்து ஏறினாள். ஒரு தட்டுக்கு இந்த நடிப்பு.

நவம்பர் 23, சனி

நேற்றிலிருந்து சூரியன் எழும்பவில்லை. இனி ஜனவரி கடைசியில்தான் முகம் காட்டும். மத்தியானம் ஒரு மணி நேரம் வானம் நீலமாக வெளிக்கும், அதற்குள் பாடத்தை முடிக்க வேண்டும்.

துறைமுகத்துப் பாலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். ரோடு ஈரமாக இருப்பதுபோல் தெரியும், உண்மையில் கண்ணாடி. பாலத்துக்குக் கீழே காற்று ஓடுவதால் ரோட்டுக்கு முதல் பாலம்தான் உறையும். வழுக்கத் தொடங்கினால் காலை எடு, பிரேக்கைத் தொடாதே, போக வேண்டிய பக்கத்தைப் பார் என்று ஐம்பது தடவை சொல்லியிருக்கிறேன். கார் வழுக்கியது. அவள் காலை எடுத்தாள், சரி. பொறுக்க முடியாமல் நான்தான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கார் சுழன்று பனிக்குவியலுக்குள் போய்க் குத்தியது.

அவளுடைய உதடு கிழிந்தது. ஸ்டியரிங்கில் இடிபட்டது.

ரூனே அந்த வழியால் வந்து சங்கிலி போட்டு இழுத்துவிட்டான். சுகிர்தா கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பெல்ட் போட்டிருக்கிறவளின் வாய் எப்படி ஸ்டியரிங்கில் பட்டது என்று கேட்டான். சங்கிலியைக் கழற்ற வந்தவனுக்கு விசாரணை எதற்கு? சங்கிலியை அவன் கையில் கொடுத்தேன்.

டிசம்பர் 5, வியாழன்

பெரிட்டிடம் நாலாவது முறை. என் வேலையைப் பற்றிக் கேட்டாள். லொறி வழுக்கத் தொடங்கினால் என்ன செய்வாய் என்றாள். இதில் நான் வாத்தியார் அல்லவா? அரை மணி நேரம் விளக்கினேன். பதறக்கூடாது, காலை எடுக்க வேண்டும், மூச்சு விட வேண்டும், இருபது தொன் வண்டி என்றாலும் இரண்டு விரலால்தான் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் எழுதினாள். பிறகு நிமிர்ந்து, "வீட்டில்?" என்று ஒரு சொல் கேட்டாள்.

வீடு என்ன ரோட்டா என்றேன். அவள் அதையும் எழுதினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிசம்பர் 19, வியாழன்

லைசென்ஸுக்கு முன் வழுக்கல் மைதானத்தில் ஒரு நாள் பயிற்சி கட்டாயம். தண்ணீர் ஊற்றி உறையவிட்ட திடலில் காரை வேண்டுமென்றே வழுக்கவிட்டுத் திருப்பிப் பிடிக்க வேண்டும். பழக்கினவள் ஒரு நோர்வேக்காரி. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

சுகிர்தாவின் கார் இரண்டு முறை பம்பரமாகச் சுழன்றது. இறங்கும்போது அழுவாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டு இறங்கினாள். அந்தப் பெண் அவள் தோளில் தட்ட, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பதினாறு வருடக் கலியாணத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்ன அவ்வளவு பகிடி என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. பயம் போட்டுது, அதுதான் சிரிப்பு வந்தது."

"எதிலை பயம் போனது?"

அவள் சோறு போடத் திரும்பினாள். சோற்றுப் பானை நிலத்தில். கறி சுவரில். ஆரணி குறுக்கே வந்து நின்றாள், அவளை யார் வரச் சொன்னது? பிறகு சுவரைத் துடைத்தது நான்தான். அதையும் எழுதுகிறேன், யாரும் நான் துடைத்ததைச் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 2, வியாழன்

இன்று வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. இந்தப் பக்கத்தைப் பெரிட்டுக்குக் காட்டலாம்.

ஜனவரி 17, வெள்ளி

சுகிர்தா முதல் தடவையிலேயே பாஸ். சோதித்த அதிகாரி, உன்னைப் பழக்கியவர் யார் என்று கேட்டானாம். என் பெயரைச் சொன்னதும், அதுதான் என்றானாம். வேலையிடத்துக்குக் கேசரி கிண்டிக்கொண்டு போனேன்.

அவளுக்கென்று ஒரு பழைய சிவப்புக் கார் வாங்கி, பனியில் பிடிக்கும் ஆணி டயர் நாலும் நானே பூட்டினேன். நாலும் புதிது. சாமிப் படத்தைக் காட்டி, சாம்பிராணி போட்டு, முன் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தேன். வெளியே மைனஸ் பதினெட்டு. பூசை முடிவதற்குள் தேசிக்காய் கருங்கல்லாகிவிட்டது. சுகிர்தா காரை எடுக்க, சில்லு அதன்மேல் ஏறாமல் அதே இடத்தில் சுற்றி, தேசிக்காய் துவக்குச் சன்னம் போலப் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கதவில் "டொக்" என்று அடித்தது. அந்த வீட்டுக் கிழவன் கதவைத் திறந்து, யாரோ தட்டுகிறார்கள் என்று நினைத்து எங்களைப் பார்த்தான்.

தாயும் மகளும் சிரித்த சிரிப்பு! நானும் சிரித்தேன். முதலில் சிரித்தேன். பிறகு அவர்கள் நிற்பாட்டவில்லை. ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

தனியாக மேட்டுவெளியைத் தாண்டக் கூடாது என்று சொல்லி வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்தாள். தலையில் துவாயைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்திருந்ததால் தலையாட்டவில்லை.

ஜனவரி 29, புதன்

ஆரணியின் போனில் பெரிட்டின் நம்பர் இருந்தது. எதற்கு என்று கேட்டுப் போனை வாங்கப் போனேன். குளியலறைக்குள் ஓடினாள். நிலம் ஈரம். வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

சுகிர்தா ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். பெரியாசுப்பத்திரி மேட்டுவெளிக்கு அந்தப் பக்கம். இரண்டு நாளில் வற்றிவிடும் என்று நான்தான் சொன்னேன். மஞ்சள் பற்றுப் போடச் சொன்னேன்.

பெப்ரவரி 1, சனி

வற்றவில்லை. இரண்டு பேரும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் வீடு அமைதியாக இருக்கிறது, நல்லது.

பெப்ரவரி 3, திங்கள்

விரல்கள் வீங்கியிருக்கின்றன. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

காலையில் நான் வேலைக்குப் போகும்போது இரண்டு பேரும் படுத்திருந்தார்கள். பத்து மணிக்கு ஊர்க் கேட்டடியில் கொன்வோய் சேர்ந்தது. காற்று செக்கனுக்கு இருபத்திரண்டு மீற்றர். ஏழு கார்கள். வழமைபோல ஒவ்வொரு காராகப் போய்ப் பார்த்தேன். டயர் சரியில்லாவிட்டால், எண்ணெய் போதாவிட்டால், ஓட்டுகிறவர் பயந்திருந்தால் திருப்பி அனுப்பலாம். அங்கே என் சொல்தான் சட்டம். எல்லோருக்கும் ஒரே பாடம்: நாலு பக்கமும் சிமிட்டும் லைட்டைப் போடு, முன் காரின் வெளிச்சத்தை விடாதே, நடுவில் திருப்பாதே, என்ன நடந்தாலும் காரை விட்டு இறங்காதே. இறங்கினவன் கைக்கெட்டும் தூரத்தில் காரை வைத்துக்கொண்டே செத்திருக்கிறான்.

நாலாவது கார் சிவப்பு. என் கையால் ஆணி டயர் பூட்டிய கார்.

சுகிர்தா கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினாள். பக்கத்தில் ஆரணி, கையைச் சால்வையால் கழுத்தில் கட்டியிருந்தாள். பின் சீற்றில் இரண்டு பெட்டிகள்.

"எங்கை வெளிக்கிட்டனி?"

"ஆசுப்பத்திரிக்கு."

"பெட்டி என்னத்துக்கு?"

"திரும்பி வரமாட்டம்."

இவ்வளவையும் ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னாள். நான் ரூனே நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவன் கடைசிக் காரடியில் நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இண்டைக்கு என்ரை ஷிஃப்ட் எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். தெரிஞ்சுதான் வந்தனான். இந்தக் காத்துக்குள்ளை வேறை ஆரின்ரை பின்னாலையும் நான் பிள்ளையைக் கொண்டு போகமாட்டன். உங்கடை ஓட்டத்திலை எனக்குப் பயமில்லை. உங்களிலைதான் பயம்."

நான் காரைச் சுற்றி வந்தேன். ஒரு பிழை, ஒரே ஒரு பிழை கிடைத்தால் போதும், திருப்பி அனுப்பிவிடலாம். டயரைக் கையால் தடவினேன். ஆணி ஒன்றும் விழவில்லை. எண்ணெய் நிறைய இருந்தது. சவள் இருந்தது, கம்பளி இருந்தது, சுடுதண்ணிப் போத்தல் இருந்தது. லைட்டுகளில் ஒரு துளி பனி இல்லை, நம்பர் தகட்டைக்கூடத் துடைத்திருந்தாள். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றைக்கூட விடவில்லை.

ரூனே கிட்ட வந்து, "ஏதாவது பிரச்சினையா?" என்றான். இல்லை என்றேன். அவளை எனக்கு நேர் பின்னால் வரச் சொன்னேன். பாதுகாப்புக்காக என்று ரூனேயிடம் சொன்னேன்.

கேட் திறந்தது. கொன்வோய் மணிக்கு முப்பதில் போக வேண்டும். பத்துக் கிலோமீற்றர் அப்படித்தான் போனேன். பக்கக் கண்ணாடியில் அவளுடைய இரண்டு லைட்டும் சீராக வந்தன, கிட்டவும் இல்லை, தூரவும் இல்லை. அந்தச் சீர்தான் என்னைக் கொன்றது. திரும்பி வரமாட்டாளாம். என் லொறி வழித்த ரோட்டில், என் டயரில், என்னை விட்டுப் போகிறாள். கால் தானாக மிதியை அழுத்தியது. நாற்பது. ஐம்பது. கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அவளுக்கும் நான் அப்படித்தான் தெரிந்திருப்பேன். தவிக்கட்டும் என்று நினைத்தேன். அந்தக் கணம் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ரேடியோவில் ரூனே கத்தினான். "தவா, மெதுவாகப் போ! உன் வெளிச்சம் யாருக்கும் தெரியவில்லை!"

வேகத்தைக் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு லைட்டும் மீண்டும் வந்தன. அதே சீரில். அவள் பதறவுமில்லை, நிற்கவுமில்லை.

மேட்டுவெளியின் உச்சியில் லொறியை நிற்பாட்டினேன். ஒருபோதும் செய்யக்கூடாத வேலை. ஏன் நின்றாய் என்று ரூனே கேட்டான். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுச் சவளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

காற்று என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சிவப்புக் காரில் மோத வைத்தது. கதவு பூட்டு. கண்ணாடியில் முட்டியால் குத்தினேன்.

"திற! காரைத் திருப்பு! வீட்டை போவம்!"

அவள் முன்னுக்குப் பார்த்தபடி இருந்தாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். நான் பழக்கிய மாதிரியே, பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும்.

"திறவடி!"

"அப்பா, ப்ளீஸ்!" ஆரணியின் வாய் அசைந்தது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

சவளின் பிடியால் அடித்தேன். முதல் அடிக்கு உடையவில்லை. மூன்றாவது அடிக்கு முழுக் கண்ணாடியும் கல்லுப்புப் போல அவள் மடியில் கொட்டியது. பனி உள்ளே பாய்ந்தது. கையை உள்ளே விட்டு அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். நெற்றி கதவு விளிம்பில் இடித்து இரத்தம் வந்தது. மற்றக் கையால் காரின் திறப்பைத் தேடினேன். அவள் கத்தவில்லை. அவளுடைய கால் மட்டும் பிரேக்கில் அசையாமல் இருந்தது. அதை விட்டால் கார் வழுக்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆரணி கத்தினாள். ஐஸ் சுரண்டும் தகட்டை இடது கையால் எடுத்து என் விரல்களில் கொத்தினாள். என் மகள், நான் தூக்கி வளர்த்தவள், விறகு கொத்துவதுபோலக் கொத்தினாள். நாலாம் கொத்தில் கை விட்டுவிட்டது. பின்னால் சரிந்து விழுந்தேன்.

எழும்பினபோது ஒன்றும் இல்லை. கார் இல்லை, லொறி இல்லை, ரோடு இல்லை, ரோட்டோரம் நட்ட கம்பும் இல்லை. எல்லாம் வெள்ளை. காற்று காதைக் கிழித்தது. ஒரு கையுறையும் போய்விட்டது. இரண்டு அடி வைத்தேன், மூன்றாவது அடியில் இடுப்புவரை புதைந்தேன். ரோட்டை விட்டு இறங்கிவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. எந்தப் பக்கம் திரும்புவது? இருபது வருடமாக எல்லோருக்கும் பாடம் சொன்னவன் இப்படித்தான் சாகப் போகிறேன் என்று நினைத்தேன். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் அழுதேன். அதையும் எழுதுகிறேன்.

அப்போது ஹோர்ன் சத்தம். நீளமாக ஒன்று. நின்றது. மறுபடி நீளமாக ஒன்று. அந்தப் பக்கமாக நாலு காலில் தவழ்ந்தேன். ஹோர்ன் விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. கை சூடான இரும்பில் பட்டது. அவளுடைய கார்.

உடைந்த கண்ணாடிக்குள் அவள் முகம். நெற்றி இரத்தம் இமையில் உறைந்திருந்தது. என்னைக் காப்பாற்றிவிட்டாள், அவளுக்கு இன்னும் என்மேல் பாசம் இருக்கிறது என்று நினைத்தேன்.

"சுகி..." என்றேன்.

"உங்களிலை இரங்கி நான் ஹோர்ன் அடிக்கேல்லை. நீங்கள் செத்தா இந்த ரோட்டை ஆர் வழிக்கிறது? பின்னாலை ஆறு கார் சனம் நிக்குது. என்ரை பிள்ளைக்குக் கை முறிஞ்சு அஞ்சு நாள். எழும்பிப் போய் லொறியை எடுங்கோ."

"சுகி, நான்..."

"மெல்லப் போங்கோ. உங்கடை வெளிச்சம் எனக்குத் தெரியவேணும். போங்கோ."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கேட்டடியில் நான் மற்றவர்களுக்குச் சொல்லும் குரல் அது. நான் காரைப் பிடித்தபடி முன்னுக்குப் போய், லொறியின் பின் விளக்கைக் கண்டு, ஏறினேன்.

மிச்ச இருபது கிலோமீற்றரும் இருபத்தைந்தில் போனேன். பக்கக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உடைந்த பக்கத்துக்கு ஆரணி தாயின் பின்னால் எட்டி, ஒரு கையால் கம்பளியைப் பிடித்து மறைத்திருந்தாள், காற்று அதைப் பிடுங்கப் பிடுங்க அவள் விடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அந்த இரண்டு லைட்டும் வரும்வரை காத்திருந்து திரும்பினேன். மைனஸ் பத்தொன்பது. உள்ளே அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்தப் பக்கக் கேட்டில் பொலிஸ் நின்றது. ரூனே ரேடியோவில் சொல்லியிருக்கிறான். எத்தனை கார் என்று கேட்டார்கள். ஏழு என்றேன். எண்ணினார்கள். ஏழும் வந்திருந்தன. சிவப்புக் கார் என்னைக் கடந்து அம்புலன்ஸ் நின்ற இடத்துக்குப் போனது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடி எப்படி உடைந்தது என்று கேட்டார்கள். லொறி தள்ளிய ஐஸ் கட்டி பட்டது என்றேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

பதினொரு நாளாக எழுதவில்லை. லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். தாயோடும் மகளோடும் நான் பேசக் கூடாது, மேட்டுவெளியைத் தாண்டி அந்தப் பக்கம் போகக் கூடாது. ரூனே என் சாமான்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு, "நவம்பரிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றான். என்னிடம் சொன்ன மாதிரியும் இருந்தது, தனக்குத் தானே சொன்ன மாதிரியும் இருந்தது.

இன்று வக்கீல் வாக்குமூலங்களின் பிரதி கொண்டுவந்தான். டொக்டரின் கடிதம்: மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிவு, பிந்தி வந்ததால் எலும்பு இன்னும் விலகியிருந்தது, அறுவைச் சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். சுகிர்தாவின் வாக்குமூலம் ஒன்பது பக்கம். முழுக்கத் திகதிகள். நான் மறந்துபோன திகதிகளும் அதில் இருக்கின்றன. இந்தக் கொப்பியில் இல்லாதவைதான் அதிகம்.

ஆரணியுடையது அரைப் பக்கம்தான். பொலிஸ்காரி கேட்டிருக்கிறாள், அப்பாவுக்குக் கோபம் வந்தால் தன்னை அடக்க முடியாதா என்று. பதிலைத் தமிழில் எழுதுகிறேன்:

"முடியும். கண்ணாடியை உடைத்த பிறகு இருபது கிலோமீற்றர் எங்களுக்கு முன்னால் மெதுவாகப் போனார். அம்மாவுக்கு ஒரு தரம்கூட அவருடைய வெளிச்சம் மறையவில்லை. ஒவ்வொரு வளைவிலும் எங்களுக்காகக் காத்திருந்தார். அப்பாவுக்கு எப்போதும் முடியும்."

காலையிலிருந்து இதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். பேய் என்று, மிருகம் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மிருகத்துக்கு என்ன தெரியும் என்று நானும் படுத்திருப்பேன்.

கொப்பியை யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை என்று வக்கீல் சொன்னான். ஐஸ் கட்டி, ஈரத்தில் வழுக்கியது என்று சொன்னதிலேயே நில் என்றான். நாளைக்குப் பொலிஸில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். தமிழ் தெரிந்தவர்கள் வாசித்துச் சொல்லட்டும். அதற்கு முன் ஒன்றை எழுத வேண்டும்.

ஜனவரி 29. குளியலறை நிலம் காய்ந்திருந்தது. அவள் விழவே இல்லை, நின்றுகொண்டிருந்தாள். கையை முறுக்கியவன் நான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் நான் விடவில்லை.